கத்தாமல் விழுகிறவன்

உருளுகிறவனுக்கு நான் விசில் ஊதமாட்டேன். நாகர்கோவில் பக்கம் பந்து விளையாடுகிற எல்லோருக்கும் இது தெரியும்.

திருவனந்தபுரத்தில் பி.ஏ. படித்தபோது காலேஜ் டீமில் லெஃப்ட் ஹாஃப் ஆடினேன். தாலுக்கா ஆபீஸில் வேலை கிடைத்த பிறகு ரெஃபரி ஆனேன். ஐந்து வருடத்தில் விழுகிறவர்களில் எல்லா வகையையும் பார்த்துவிட்டேன். ஒருவன் காற்றடித்தாலே பறந்து விழுவான். ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஐந்து முறை உருளுவான். விசில் வராது என்று தெரிந்ததும் ஆறாவது உருளலிலேயே எழுந்து ஓடுவான். இன்னொருவன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அலறுவான். அடி பட்டது தோளாக இருக்கும்.

கூலிக்கு ஆடுகிறவர்கள் வந்த பிறகுதான் இது பெருகியது. ஒரு மேட்சுக்கு இவ்வளவு என்று பேசி மதுரையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் ஆள் கொண்டுவந்தார்கள். ஊர்ப் பையன் பொய்யாக விழுந்தால் நாலு நாள் தெருவில் தலை காட்டமாட்டான். கூலிக்காரனுக்கு அது வேலை. ஆட்டம் முடிந்ததும் மண்ணைத் தட்டிவிட்டு டீ குடிப்பான்.

சுந்தர்சிங் அப்படி ஒருவன். சென்டர் ஃபார்வர்டு. நல்ல ஆட்டக்காரன் என்பதையும் சொல்ல வேண்டும். விழாமலே கோல் போடத் தெரிந்தவன். அந்த வருடம், 1952இல், வர்த்தகர் ஷீல்டு போட்டிக்கு அவனைக் கொண்டுவந்தவர் பகவதியப்பன். கோட்டாறில் அரிசி மண்டி வைத்திருந்தார். டீமுக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் உண்டு. ஊரில் அதைப் பகவதியப்பன் டீம் என்றுதான் சொன்னார்கள்.

அரையிறுதியில் சுந்தர்சிங் எட்டு முறை விழுந்தான். நான் ஒரு முறையும் ஊதவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பகவதியப்பன் கத்தினார்.

"வே ரெஃபரி! விசில்ல நெல்லு அடைச்சிருக்கா?"

நான்கணா டிக்கெட்டுக்காரர்கள் சிரித்தார்கள். எப்படியோ அவர் டீம் ஜெயித்தது. வெளியே வரும்போது என் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, அவன் செத்தாத்தான் ஊதுவீரோ?"

"அடிபட்டா ஊதுவேன்."

"அடிபட்டிருக்குண்ணு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அப்போது நான் கவனிக்கவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நானே சொல்லியிருந்தேன்.

அதற்கு முந்தின கார்த்திகை மாதம் என் மனைவி கோமளவல்லி இறந்தாள். கல்யாணமாகிப் பதினாலு மாதம். அன்று மூன்றரை மணிக்கு நான் மேட்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் அவள் முழங்காலில் நின்று நெற்றியைத் தரையில் வைத்திருந்தாள். கை வலது அடிவயிற்றில் இருந்தது. "இஞ்ச பாருங்கோ, ஒரு மாதிரி இருக்கு" என்றாள். கத்தவில்லை. தொண்டைக்குள் ஒரு சத்தம், அவ்வளவுதான். சுக்கு வெந்நீர் குடி, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஏழு மணிக்குத் திரும்பினேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது குடல்வால் வெடித்துவிட்டது என்றார்கள். ஒன்பது மணிக்கு முடிந்துவிட்டது.

கத்தியிருந்தால் நின்றிருப்பேன்.

எங்கள் பக்கம் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வருகிறவர்கள் உட்கார்ந்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "என்ன செய்துச்சு?" முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவர் எழுந்து போய் அடுத்தவர் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்குக்குள் அறுபது எழுபது பேருக்குச் சொல்லியிருப்பேன். மூன்று வரியில் சொல்லிப் பழகிவிட்டது. வயிற்று வலி, ஆஸ்பத்திரி, ஒன்பது மணி.

ஒன்பதாம் நாள் மத்தியானம் பகவதியப்பன் தனியாக வந்தார். வீட்டில் யாரும் இல்லை. அவருக்கு மட்டும் முழுவதும் சொன்னேன். முழங்கால், நெற்றி, கை, அந்தச் சத்தம். உண்மையிலேயே வலி உள்ளவர்கள் கத்துவதில்லை, எனக்கு அது தெரியாமல் போயிற்று என்றேன். ஏன் அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் நன்றாகக் கேட்டார். எந்தப் பக்கம் கை வைத்திருந்தாள் என்று மட்டும் ஒரு முறை கேட்டார். காண்பித்தேன். போகும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அது பொய் என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

மாசி மாதம் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து இறுதி ஆட்டம் வந்தது. எதிர் டீம் குளச்சலுக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர்கள். கூலி ஆள் ஒருவனும் கிடையாது. விடியற்காலை கட்டுமரத்தில் போய்வந்து சாயங்காலம் ஆடுகிறவர்கள். அவர்களில் மத்தியாஸ் பேக் ஆடினான். இருபத்திரண்டு வயது. பூட்ஸ் இல்லை, கணுக்காலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருப்பான். பந்தைப் பறித்து அடித்துவிட்டு, பறிகொடுத்தவன் கீழே கிடந்தால் திரும்பி வந்து கைகொடுத்துத் தூக்குவான். அதற்காக அவனுடைய கேப்டனே அவனைத் திட்டுவதுண்டு.

ஆட்டத்துக்கு முன் அசோசியேஷன் செக்ரட்டரி பூதலிங்கம் என்னிடம் வந்தார். வக்கீல் குமஸ்தா. எதையும் காதோடுதான் சொல்வார்.

"கோயம்புத்தூரிலேருந்து ஒரு மில்லுக்காரரு வந்திருக்காரு. மத்தியாஸைப் பாக்கத்தான். மில் டீமுக்கு எடுத்தா நிரந்தர வேலை. வீட்டுல ரெண்டு தங்கச்சி, அப்பன் கடல்லயே போயிட்டான். பயலுக்கு யோகந்தான்."

"ஆடுவான்" என்றேன்.

"ஆடுவான். நம்ம சர்ட்டிபிகேட்டும் கேக்காரு. பேருல கரும்புள்ளி இல்லைண்ணு எழுதிக் குடுக்கணுமாம்."

ஆளை அடித்து வெளியேற்றப்பட்டவனுக்கு ஒரு வருடம் தடை. அது அசோசியேஷன் விதி. அதை எழுதியதில் நானும் இருந்தேன்.

ஆட்டம் நன்றாக இருந்தது. சுந்தர்சிங் விழவே இல்லை. ஒரு முறை மத்தியாஸின் தோள் பட்டுத் தடுமாறியபோதுகூட நின்று சமாளித்து ஓடினான். திருந்திவிட்டான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது நினைவிருக்கிறது.

கோல் இல்லாமல் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. வலது ஓரத்திலிருந்து பந்து உயர்ந்து கடற்கரைக்காரர்களின் பெனால்டி ஏரியாவுக்குள் வந்தது. மத்தியாஸும் சுந்தர்சிங்கும் எம்பினார்கள். நான் மத்தியாஸின் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். அகலமான முதுகு. பந்து அவன் தலையில் பட்டு நடுமைதானத்துக்குப் போயிற்று. நானும் அதைப் பார்த்துத் திரும்பினேன்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. தொண்டைக்குள்ளிருந்து.

திரும்பிப் பார்த்தேன். சுந்தர்சிங் முழங்காலில் நின்று நெற்றியைச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் வைத்திருந்தான். கை வலது அடிவயிற்றில் இருந்தது. உருளவில்லை. கத்தவில்லை.

விசில் என் வாயில் இருந்தது. ஊதியதும் நான்தான். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கவில்லை. அவரிடம் நான் கேட்கவும் இல்லை. பெனால்டி இடத்தைக் காட்டினேன். மத்தியாஸின் பெயரை நோட்டில் எழுதிவிட்டு மைதான ஓரத்து ஷெட்டைக் காட்டினேன்.

"சாரே, நான் தொடல்ல" என்றான் மத்தியாஸ். "எங்க அம்மையாணெ தொடல்ல. பந்துதான் சாரே, நான் தலையால..."

"வெளியே போ."

"என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க சாரே."

நான் அவனைப் பார்க்கவில்லை. கீழே கிடந்தவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "தண்ணி குடுக்காதீங்க, சுக்கு கிக்கு ஒண்ணும் குடுக்காதீங்க, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பல முறை சொன்னேன் என்று பிறகு பூதலிங்கம் சொன்னார். ஒரு பெஞ்சில் கிடத்தி அவனைப் பகவதியப்பனின் காருக்குத் தூக்கிப் போனார்கள். வேறொருவன் பெனால்டியை அடித்தான். ஒன்றுக்குப் பூஜ்யம். மத்தியாஸ் இல்லாத கடற்கரைக்காரர்களால் அதற்கு மேல் முடியவில்லை.

மாலை போட வந்தவர்களை விலக்கிவிட்டு ஷெட்டில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். "மத்தியாஸ் எதிராளியின் வயிற்றில் முழங்காலால் இடித்ததற்காக வெளியேற்றப்பட்டார்." கையெழுத்துப் போட்டுப் பூதலிங்கத்திடம் கொடுத்தேன். அடுத்த நிமிடம் சைக்கிளில் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் லீலாபாய் இருந்தார். கார்த்திகையிலும் அவர்தான் இருந்தார்.

"ஃபுட்பால் ஆளா? ஒருத்தரும் வரல்லியே சார்."

"ஆறு மணிக்கு முன்னாலயே வந்திருக்கணும். வயித்தில அடி."

"வரல்ல. நீங்க இருங்க, மொகமெல்லாம் வேர்த்திருக்கு."

வீட்டில் படுக்கவைத்துக் கஷாயம் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கோட்டாறுக்கு மிதித்தேன். இந்த முறை நேரத்துக்குப் போய்விடுவேன் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மண்டி மாடியில்தான் ஆட்டக்காரர்களைத் தங்கவைத்திருந்தார்கள். அரிசி மூட்டைகளுக்கு நடுவே படி. ஏறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவு பாதி திறந்திருந்தது.

சுந்தர்சிங் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். சோறு மலைபோல் இருந்தது. மீன் குழம்பு. நாலைந்து ஆட்டக்காரர்கள் சுற்றியிருந்தார்கள். நடுவில் பகவதியப்பன், வேட்டியை மடித்துக் கட்டி, முழங்காலில் நின்றுகொண்டிருந்தார்.

"முதல்ல முட்டு. பெறவு நெத்தி. கை மேல போகப்படாது, வலப்பக்கம் கீழ. மூணு நாளு படிப்பிச்சேன் வே இந்தப் பயலுக்கு. மூணு நாளும் ஆடு கத்துகது மாதிரி கத்துகான்."

"கத்தாம விழுகதுதான் அண்ணாச்சி கஷ்டம்" என்றான் சுந்தர்சிங், வாயில் சோற்றோடு. "பழக்கமில்லல்லா."

"கத்தினா அவன் ஊதமாட்டான்லே. அவனுக்க விசிலு எங்க இருக்குண்ணு எனக்குத்தான் தெரியும்." பகவதியப்பன் நெற்றியைத் தரையில் வைத்தார். தொண்டைக்குள் அந்தச் சத்தத்தை எழுப்பினார்.

நன்றாகச் செய்தார். சுந்தர்சிங்கைவிட நன்றாக.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பகவதியப்பன் குனிந்த நிலையிலேயே கழுத்தைத் திருப்பினார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"வாங்க தம்பி. நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கேரு. கை நனைக்கலாம். உமக்கு மீனு ஆகாதுல்லா, தோசை வாங்கிட்டு வரச் சொல்லுகேன்."

"இப்பம் கொஞ்சம் தேவலை சாரே" என்றான் சுந்தர்சிங். கையில் மீன் துண்டு இருந்தது. அதை இலையில் வைப்பதா வாயில் போடுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

நான் இறங்கினேன். பகவதியப்பன் படிவரை வந்தார்.

"மனசுல வச்சுக்காதீரும். ஆட்டம்ணா அப்பிடி இப்பிடித்தான் இருக்கும். உம்மைக் கொறவாச் சொல்லல்ல தம்பி. உமக்கு நல்ல மனசுண்ணுதானே செய்தது?"

சாக்கடை ஓரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சட்டையில் மீன் குழம்பு வாசம் ஏறியிருந்தது.

நேரே பூதலிங்கம் வீட்டுக்குப் போனேன். ரிப்போர்ட்டைத் திரும்பக் கொடுங்கள் என்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"குடுத்த ரிப்போர்ட்டை எடுக்க முடியாது. கூட ஒண்ணு எழுதிக் குடுக்கலாம். நாளைக்குச் சாயங்காலம் கமிட்டி. மில்லுக்காரரு செவ்வாக்கிழமை காலம்பற ஊருக்குப் போறாரு."

"எழுதுகேன். தப்பாப் பாத்துட்டேன், மத்தியாஸ் மேல குத்தமில்ல."

"அது போதாது. தப்பாப் பாத்தேம்ணு ரெண்டு வரி எழுதினா, கடக்கரைக்காரன் உமக்கு ராத்திரியோட ராத்திரியா பைசா குடுத்துட்டாம்ணு பகவதியப்பன் சொல்லுவான். கமிட்டியில பாதிப்பேரு அவன் கடையில அரிசி வாங்குகவன். காரணம் எழுதணும். ஏன் ஊதினேரு? எதைப் பாத்து ஊதினேரு?"

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"அதை எழுத முடியுமா பாரும்" என்றார். "முடியல்லைண்ணா விட்டிரும். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டா."

வீட்டுக்கு வந்து எழுதினேன். அரைப் பக்கம்தான். தாலுக்கா ஆபீஸில் அதைவிட நீளமான குறிப்புகளைக் கால் மணி நேரத்தில் எழுதியிருக்கிறேன். இதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

திங்கட்கிழமை ஐந்து மணிக்குக் கமிட்டி கூடியது. ஒன்பது பேர். பகவதியப்பனும் ஒரு மெம்பர். புது ஜிப்பா போட்டு வந்திருந்தார். மேஜை நடுவில் ஷீல்டு இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மத்தியாஸ் நின்றான். உள்ளே வர அவனுக்கு அனுமதி இல்லை.

பூதலிங்கம் என் காகிதத்தைப் பிரித்தார். கோர்ட்டில் மனு வாசிக்கிற குரல்தான் அவருக்கு உண்டு. அந்தக் குரலிலேயே வாசித்தார்.

"நடந்ததை நான் பார்க்கவில்லை. மத்தியாஸின் முதுகு மறைத்தது. சுந்தர்சிங் கிடந்த விதத்தை வைத்து விசில் ஊதினேன். முழங்காலில் நின்று, நெற்றியைத் தரையில் வைத்து, வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, கத்தாமல் கிடந்தார். கார்த்திகை பன்னிரண்டாம் தேதி மூன்றரை மணிக்கு என் மனைவி கோமளவல்லி இப்படித்தான் கிடந்தாள். வலி பெரிதாக இல்லை என்று நினைத்து அவளை விட்டுவிட்டு மேட்சுக்குப் போனேன். அன்று இரவு இறந்தாள். அவள் கிடந்த விதத்தை ஒருவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். துட்டி கேட்க வந்த திரு. பகவதியப்பனிடம். அவர் அதைச் சுந்தர்சிங்குக்கு மூன்று நாள் கற்பித்ததாகச் சொன்னதை நானே கேட்டேன். அப்போது சுந்தர்சிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மத்தியாஸ் மேல் குற்றம் இல்லை."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருவர் மூக்குப்பொடி டப்பியைத் திறந்து போடாமலே மூடினார். முதலில் பேசியவர் பகவதியப்பன்தான். அவர் முகம் சிவந்திருந்தது.

"இது என்ன வே மரியாதை? துட்டி வீட்டில வச்சுச் சொன்ன பேச்சு. அதைப் போயி ஒருத்தன் இப்பிடிக் காயிதத்தில எழுதி நாலு பேரு முன்னால வாசிக்கதா? செத்த பிள்ளைக்க பேரையும் போட்டு? எனக்கே கூசுகு."

உண்மையாகவே கூசினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"படிப்பிச்சேரா, இல்லியா? அதைச் சொல்லும்" என்றார் பூதலிங்கம்.

"ஆட்டத்துக்கு ஆயிரம் படிப்பிப்போம்."

"மத்தியாஸ் தொட்டானா?"

பகவதியப்பன் ஷீல்டைப் பார்த்தார். கமிட்டியைப் பார்த்தார். கணக்குப் போட்டது தெரிந்தது.

"கோலு கோலுதான். ரெஃபரி ஊதினா ஊதினதுதான். அதை மாத்தப்படாது. ஷீல்டைத் தொடப்படாது. அந்தப் பயலை விட்டிருங்க, எனக்கென்ன? நானும் பிள்ள குட்டிக்காரன்தான்."

அப்படியே தீர்மானம் ஆயிற்று. மத்தியாஸ் மேல் இருந்த குற்றம் நீக்கப்பட்டது. ஆட்டத்தின் முடிவில் மாற்றம் இல்லை. சுந்தர்சிங்கைப் பற்றிப் பேசும்போது அவன் அன்று காலை பஸ்ஸிலேயே மதுரைக்குப் போய்விட்டான் என்று தெரிந்தது. பூதலிங்கம் அங்கேயே சர்ட்டிபிகேட் எழுதி முத்திரை வைத்தார்.

எல்லோரும் எழுந்தார்கள். பகவதியப்பன் மேஜையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்தார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"போட்டும் தம்பி. நானும் மறந்தாச்சு. அடுத்த வருசமும் நம்ம மேட்சுக்கு நீருதான் ஊதணும்."

கையை உருவிக்கொண்டேன். பையிலிருந்த விசிலை எடுத்துப் பூதலிங்கத்தின் நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் தரவில்லை.

வெளியே மத்தியாஸ் என் சைக்கிள் விழாமல் பிடித்துக்கொண்டு நின்றான். மற்ற கையில் சர்ட்டிபிகேட். வேர்வை படாமல் இரண்டு விரலால் நுனியைப் பிடித்திருந்தான்.

"மில்லுக்காரரு வைகாசியில வரச் சொல்லியிருக்காரு சாரே. இதைக் கொண்டு காட்டினா போதும்."

"ராத்திரியே கொண்டு காட்டு."

"காட்டுகேன்." அவன் போகவில்லை. "ஜன்னல் பக்கத்தில நின்னு கேட்டேன் சாரே. எனக்கு முன்ன தெரியாது. கடப்பொறத்தில ஆரும் சொல்லல்ல."

தலையாட்டினேன். அவன் கொஞ்சம் தயங்கினான். இப்படி ஒரு செய்தி கேட்டால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் போவது முறையில்லை என்று அவனுக்கும் சொல்லி வளர்த்திருப்பார்கள். சைக்கிளை விட்டுவிட்டு நேராக நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"வீட்டில... என்ன செய்துச்சு சாரே?"

அவன் நல்லவன். கேட்டால் கேட்டதோடு வைத்துக்கொள்வான். அது எனக்குத் தெரிந்திருந்தது.

"வயித்து வலி" என்றேன்.

மேலே சொல்வேன் என்று அவன் கொஞ்ச நேரம் காத்து நின்றான். நான் சைக்கிளில் ஏறினேன்.